சாட்சியம்மா பார்த்தது ஐந்தில் மூன்று

குழந்தைப்பேறு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சாட்சியம்மா, யாரோ பெற்றுக்கொள்ள வேண்டிய கருவைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள் என்று பேச்சு. சலவைக் கடையில் அது ஒரு கருவாக இருந்தது. முடிதிருத்தகத்துக்குப் போவதற்குள் இரட்டையாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் கேட்டால் ஒரு தட்டு முழுக்க என்றார்கள். பிள்ளையில்லாத பொறாமை என்று காரணமும் சொன்னார் ஒருவர். அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

யார் சொன்னது, யார் சொன்னது என்று கேட்டுக்கொண்டே போனால், வதந்தி அவள் வீட்டுச் சமையலறையிலேயே போய் நின்றது. நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் கிளப்பல. கேட்டவங்களுக்கு, என்னத்தையோ கீழ போட்டுட்டா போலிருக்குன்னேன். வேலை போச்சுன்னா வேற என்ன காரணம் இருக்கும்?"

வேறு காரணம் இருந்தது.

சாட்சியம்மா என்பது வேலையால் வந்த பெயர். கருவியலாளர் ஒரு கண்ணாடித் தட்டை வெளியே எடுத்தால், அதில் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படிப்பார். இவள் தன் கண்ணால் பார்த்து, மறுபடி சத்தமாகப் படித்து, தாளின் இரண்டாம் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தி பிள்ளை இன்னொருத்தி வயிற்றுக்குப் போய்விடக் கூடாதல்லவா? பதினோரு வருஷமாக இதே பாட்டு. வீட்டுக்கு மளிகை வந்தாலும் பொட்டலத்தின் மேலிருப்பதை உரக்கப் படிப்பாள். பள்ளி வண்டி ஓட்டும் கணவர், "உப்புதாம்மா, நம்ம வீட்டு உப்பேதான். கையெழுத்துப் போட்டு உள்ள வை" என்பார்.

இவ்வளவு கறாரான ஆளும் ஒரு காரியம் செய்வாள். அங்கே எல்லோரும் செய்வதுதான். வேலை குவிகிற வாரங்களில், திங்கட்கிழமை காலையிலேயே பத்துப் பதினைந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்தைப் போட்டு வைத்துவிடுவது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் கையுறையைக் கழற்றி மாட்டுகிற தொல்லை இல்லை.

அப்படி ஒரு வாரத்தில்தான் ஒரு தையல்காரியின் கரு வந்தது. அவளுக்கும் அச்சகத்தில் வேலை செய்யும் அவள் கணவனுக்கும் பிறவியிலேயே ஒரே ரத்த நோய். ரத்தம் ஏற்றும் வார்டில், அடுத்தடுத்த கட்டிலில் படுத்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எத்தனை கரு உண்டாக்கினாலும் நோயில்லாத ஒன்று தேறாது. ஆகவே கருவிலேயே மரபணுவை வெட்டித் திருத்திவிடுவது என்று பெரிய டாக்டர் தீர்மானித்தார். அரசாங்க அனுமதி? அது எட்டு மாதமாக வந்துகொண்டே இருந்தது.

திருத்திய கருவிலிருந்து ஐந்து செல்களை எடுத்துச் சோதித்தார்கள். மூன்றில் திருத்தம் பிடித்திருந்தது, இரண்டில் பிடிக்கவில்லை. பிடித்த மூன்றிலும் ஒன்றில், தொடவே கூடாத வேறோர் இடத்தில் வெட்டு விழுந்திருந்தது. மீதிக் கருவுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. திரையில் இதைச் சாட்சியம்மா பார்த்தாள். மறுநாள் கோப்பிலிருந்த தாளையும் பார்த்தாள். 'சோதித்த செல்கள் அனைத்திலும் திருத்தம் சரி. கருப்பையில் வைக்கலாம்.' கீழே இரண்டாம் கட்டத்தில், திங்கட்கிழமை போட்டு வைத்த அவளுடைய கையெழுத்து, சுழி மாறாமல்.

தாளோடு நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார், இது தப்பு."

"கையெழுத்து உன்னுதா, இல்லையா?"

"என்னுதுதான்."

"அப்ப யார் தப்பு?"

"பார்க்காம போட்டது என் தப்பு. அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. அதுக்காக மூணு அஞ்சாயிடாது சார்."

டாக்டர் குரலில் சர்க்கரை கரைந்தது. "இதோ பாரும்மா, அந்தப் பொண்ணு அஞ்சு வருஷமா அழுதுட்டு வருது. நான் அதுக்கு ஒரு குழந்தை குடுக்கப் பார்க்கறேன். நீ கணக்குப் பாடம் எடுக்கற."

"குடுங்க. என்ன குடுக்கறீங்கன்னு சொல்லிட்டுக் குடுங்க. வேற எடத்துல விழுந்த வெட்டு அந்தப் புள்ளையோட நிக்காது, அதோட புள்ளைக்கும் போகும். அவங்க வந்து கேக்கறப்ப நீங்க எந்த மாநாட்டுல மாலை வாங்கிட்டிருப்பீங்களோ!"

"டிகிரிகூட முடிக்காத நீ சொன்னா எவன் நம்புவான்?"

"பார்க்கறதுக்குத்தானே சார் எனக்குச் சம்பளம். பார்த்துட்டேன்."

அவர் மேஜையிலிருந்த பேனாவையே எடுத்தாள். தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். 'நான் பார்த்தது ஐந்தில் மூன்று. ஒன்றில் வேறிடத்தில் வெட்டு' என்று பக்கத்தில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, புதிதாகக் கையெழுத்திட்டாள். டாக்டர் கையை நீட்டுவதற்குள் தாள் அறையை விட்டுப் போயிருந்தது.

தையல்காரியையும் கணவனையும் ஆலோசனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பெயர், எண், எழுதிய வரி, எல்லாவற்றையும் படித்தாள். தாழ்ந்த குரலில் படிக்கத் தெரியாத தொழில். சாத்திய கதவுக்கு வெளியேயும் கேட்டதாம். அச்சகக்காரன் தாளை வாங்கி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். பிற்பாடு அரசாங்கத்தின் விசாரணைக் குழுவரைக்கும் போனது அந்தத் தாள்தான்.

தையல்காரி நன்றி சொல்லவில்லை.

"உங்கள யாரு கேட்டா?" என்றாள் முதலில். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். "சரி, இத வைக்க வேணாம். திருத்தாதத வெச்சா என்னை மாதிரியே ஊசியும் குழாயுமா வளரும். ஒண்ணுமே வைக்கலன்னா நாங்க ரெண்டே பேரு. நீங்க என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்கக்கா? சொல்லுங்க."

சாட்சியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யோசிச்சு சொல்றேம்மா."

அன்று மாலையே வேலை போயிற்று. குற்றம்: வெற்றுத் தாளில் கையெழுத்திட்டது. அதே குற்றத்தைத் தவறாமல் செய்துவந்த ஆய்வுக்கூடத்தின் மற்ற நால்வரும் நீக்க உத்தரவைப் படித்துப் பார்த்து வருத்தப்பட்டார்கள். விசாரணைக் குழு வந்த பிறகு மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தார். குழப்பத்தில் எழுதிவிட்டேன் என்று ஒரு வரி கொடுத்தால் பழைய வேலை, கூடுதல் சம்பளம்.

"எனக்குக் குழப்பமே இல்லன்னு வேணா எழுதித் தரேன். ரெண்டு பிரதியா வேணுமா?" என்றாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது மருந்துக் கிடங்கில் பெட்டி மேலிருக்கும் எண்களைச் சரிபார்க்கிறாள். வெற்றுத் தாளை யாராவது நீட்டினால் நீட்டியவர் பாடு கஷ்டம். திருத்திய அந்தக் கரு குளிர்த்தொட்டியில் இருக்கிறது. தம்பதி அதை வைக்கவும் சொல்லவில்லை, எறியவும் சொல்லவில்லை. ரத்தம் ஏற்றும் நாட்களில், கட்டிலில் படுத்தபடி தையல்காரி போன் செய்வாள்.

"என்னக்கா, யோசிச்சீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"மெதுவா சொல்லுங்க. ஆனா சொல்லியாகணும், விடமாட்டேன்."

"சொல்றேன்."

நாலு மாதமாகிறது. இன்னும் சொல்லவில்லை.