வள்ளலின் டப்பா

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மடிப்பு இயந்திரம் ஓட்டிய அந்த மனிதருக்கு வள்ளல் என்று பெயர் வைத்தவர்கள் உடன் வேலை செய்தவர்கள்தான். பட்டப்பெயர் என்றால் கிண்டலாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கேட்டவருக்கு இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. என்ன, கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பொருளைத்தான் கேட்டார்கள். அவருடைய சிறுநீரை.

தொழிலாளர் ஆரோக்கியம் என்றால் நிர்வாகத்துக்கு உயிர். ரத்தம் எடுத்தால் ஊசி, ஆள் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். சிறுநீரைத் தொழிலாளியே கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுகிறான். ஆகவே ஆண்டுதோறும் ஆளுக்கொரு டப்பா. அதில் சர்க்கரை தெரிந்தால் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடிப்பது கூடும், ஓவர்டைம் போகும். அங்கே பாதிப் பேருக்குமேல் சர்க்கரை. ஒல்லிக்குச்சி வள்ளலுக்கு மட்டும் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பரிசோதனை நாள் காலையில் கழிப்பறைக்குள் மக்கும் கையுமாக அவர் நிற்பார். டப்பாக்கள் வரிசையாக நீளும்.

"அண்ணே, அவனுக்குத் தளும்பத் தளும்ப, எனக்கு மட்டும் அடி நனையுற மாதிரியா?"

"கைய ஆட்டாம நில்லுய்யா. சிந்திட்டா மறுபடி ஊத்த எங்கிட்ட என்ன தொட்டியா இருக்கு?"

வள்ளலுக்கு இருந்த ஒரே குறை இடுப்பு வலி. நாள் பூராவும் குனிந்து அட்டை தள்ளினால் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்தக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுப்பவர்களுக்கு மட்டும். நின்றபடி வலிப்பவர்களுக்குச் செல்லாது. எனவே மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, பல வருடங்களாக மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை ஊற்றும்போதே பசை காய்ச்சுகிற ஆள் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னய்யா, நுரை தள்ளுது?"

"டப்பாவ சோப்பு போட்டுக் கழுவியிருப்பாங்க. போ, போ" என்றார் வள்ளல்.

முடிவு வந்தது. வள்ளலிடம் வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் சிறுநீரில் புரதம். அத்தனை பேருக்கும் சிறுநீரகக் கோளாறு!

தலைமை அலுவலகத்திலிருந்து நலவாழ்வு அதிகாரி பறந்து வந்தார். மூச்சை ஆழமாக இழுத்து விட்டால் எல்லாம் சரியாகும் என்று போன வருடம் பாடம் நடத்திய அதே அம்மணி. இப்போது அவருக்கே மூச்சு வாங்கியது. தண்ணீர்தான் காரணம் என்று முடிவாகி, ஆளுயரத்துக்குச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. மறுபரிசோதனையும் அறிவித்தார்கள். அதிலும் சிறுநீரகம் கெட்டது என்று வந்தால், அந்தச் செலவைக் காப்பீட்டுக்காரர்கள் ஏற்கமாட்டார்களாம். ஆளை 'ஓய்வெடுக்க' அனுப்பிவிடுவார்களாம். வேலையோடு காப்பீட்டு அட்டையும் போகும்.

சாப்பாட்டு நேரத்தில் வள்ளலைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

"உன்ன நம்பித்தானேய்யா வாங்கினோம்!" கலப்பட எண்ணெய் விற்ற கடைக்காரனிடம் கேட்பதுபோல் ஒருவன் கேட்டான்.

பசைக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "டேய், சும்மா இருங்கடா. நம்ம யாருக்கும் ஒண்ணும் ஆகல. கெட்டது இவன் கிட்னி."

அதுவரை கத்தியவர்கள் அவரவர் சாப்பாட்டைக் குனிந்து பார்த்தார்கள். அன்று காலையில் செருப்பு வார் காலில் இறுக்கிப் பிடித்ததை வள்ளல் நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தம் போய்ப் போய் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காப்பீட்டில் ஒப்புதல் கிடைத்து, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. துணிப்பையில் மாற்றுப் புடவை, துண்டு, சீப்பு எல்லாம் எடுத்துவைத்திருந்தாள். அட்டை செத்தால் அந்தப் பை அப்படியே மூலையில் கிடக்கும்.

மறுபரிசோதனைக்கு முந்தின நாள் மாலை வள்ளல் பசைக்காரர் பக்கத்தில் போய் நின்றார். கேட்டுப் பழக்கமில்லாத வாய்.

"நாளைக்கு உன்னோடதுல எனக்குக் கொஞ்சம் குடேன்."

"யோவ், என்னோடது சக்கரப்பாகுய்யா!"

"இருக்கட்டும். சக்கரைக்குப் பிடிப்பாங்க. வெளிய அனுப்ப மாட்டாங்க."

பசைக்காரர் கொப்பரையைக் கிண்டுவதை நிறுத்தினார். "முதல்ல ஒரு டாக்டரப் பாருய்யா."

"பாக்கலாம். அவளுக்கு முடியட்டும்."

இந்த முறை வாசலில் காவலாளியை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகத்தான் உள்ளே போகவேண்டும். வள்ளலுக்கு முன்னால் போன பசைக்காரர், வாளிக்குப் பின்னால் மக்கில் மிச்சம் வைத்துவிட்டு வந்தார். எத்தனையோ பேருக்குச் சிந்தாமல் ஊற்றிக் கொடுத்த வள்ளல், தன் டப்பாவுக்கு ஊற்றும்போது பாதியை வெளியே சிந்தினார்.

அன்று யாரும் யாரிடமும் வாங்கவில்லை, வள்ளலைத் தவிர. ஆகவே மறுபரிசோதனைக்கு வந்த எல்லோருக்கும் சர்க்கரை. அதிகாரி அம்மணி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

"வெறும் சர்க்கரைதானே! கிட்னி எல்லாம் சரியாயிடுச்சு பாருங்க. தண்ணிய மாத்தினதும் எவ்வளவு வித்தியாசம்!" என்று கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். வள்ளலும்தான்.

நிர்வாகம் இலவசமாகக் கொடுத்த சர்க்கரை மாத்திரையை அவர் பசைக்காரரிடம் தள்ளிவிட்டார். மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் விஷயம் தள்ளிக்கொண்டே போயிற்று. அட்டையைக் காட்டிப் பார்த்தால் சேதி தொழிற்சாலைக்குப் போய்விடும். காட்டாமல் பார்க்கக் கையில் எதுவும் இல்லை. மனைவியை மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் காட்டவேண்டியிருந்தது, அதற்கு அட்டை உயிரோடு இருக்கவேண்டும்.

ஒருநாள் மாலை அவர் செருப்பைக் கழற்றும்போது அவள் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, வார் தடம் கால்லயே பதிஞ்சு நிக்குது?" விரலால் அமுக்கினாள். விழுந்த குழி எழும்பவில்லை.

"சக்கரை வந்திருக்காம். கம்பெனியிலயே சொல்லிட்டாங்க. அதான் வீங்குது."

"இத்தனை நாள் வாயத் திறந்தீங்களா? நானும் ரெண்டு கரண்டி போட்டு டீ கலக்கிக் கொடுத்துட்டிருக்கேன்!" சர்க்கரை டப்பாவை எடுத்தாள். மேலே தூக்கக் கூடாது, தையல் பிரியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவரிடமே நீட்டினாள். "மேல் தட்டுல வைங்க."

வீங்கின காலோடு அவர் ஸ்டூலில் ஏறினார்.

"இன்னும் உள்ள தள்ளி வைங்க. உங்க கைக்கு எட்டவே கூடாது."

தள்ளி வைத்தார்.