ஆறு விலகிய பாலமும் வசந்தி கொட்டிய தண்ணீரும்

போன செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, தூர் என்ற ஆற்றின் பக்கம் தொல்லியலாளர்கள் தோண்டியெடுக்கும் பழைய மரப்பாலத்தைப் பார்க்கப் போனோம். எனக்குப் பழையவற்றைப் பார்க்கும் பைத்தியம் உண்டு. ஆனால் இந்தமுறை என்னை இழுத்துக்கொண்டு போனவள் என் மனைவி வசந்தி. அந்தப் பாலத்தின் மரங்களை வைத்திருக்கும் வேலைக்கூடம் ஷ்லீரன் என்ற ஊரில் இருக்கிறது; அவள் அங்கே துப்புரவு வேலை செய்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை, தொட்டியொன்றில் கறுத்து நாறிய தண்ணீரைக் கொட்டி, உள்ளே கிடந்த மரத்துண்டைத் துடைத்துக் காயவைத்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை மரம் வெடித்திருந்தது. ஒருவரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்று வாரமாக ஒழுங்கான நித்திரை இல்லை. வேலை போனாலும் பரவாயில்லை, அங்கே வரும் பொறுப்பாளரிடம் இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்றுதான் புறப்பட்டாள்.

டீட்டிகோனில் 8.20க்கு ரயில் ஏறி, வின்டர்தூரில் மாறி, அன்டெல்ஃபிங்கனில் இறங்க 9.30. பிறகு 2.5 கிலோமீட்டர் நடை. புதுச் சப்பாத்துப் போடாதீர்கள், சேறு. நுழைவு இலவசம். கோப்பி நாலரை பிராங்க். அந்தக் கோப்பிக்கு அது அதிகம்தான்.

போய்ப் பார்த்தால் பாலம் சோளத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு குழிக்குள் நிற்கிறது. ஆறோ அரைக் கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆறு இந்த வழியால்தான் போனதாம், பிறகு தன்பாட்டில் இடம் மாறிவிட்டது. குழிச்சுவரில் சரளைக்கு நடுவே தெரியும் கறுப்புக் களிமண்தான் அதன் பழைய தடம். அதற்குள் கூர் சீவிய ஓக் மரக் கால்கள் இரண்டு வரிசை. ஈரத்தில் காற்றுப் படாமல் கிடந்ததால் உக்கவில்லை, காய்ந்தால் வெடிக்கும் என்று விளக்கினார்கள். வசந்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

ஆய்வுக்குப் பொறுப்பான பெண்மணி, ஷ்லீரனிலிருந்து கொண்டுவந்த தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். வெடித்த துண்டு வந்ததும், தண்ணீர் விட மறந்தது தன் பிழை என்று நாற்பது பேருக்கு முன்னால் சொன்னார். வசந்தி கையை உயர்த்தி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், தண்ணீரைக் கொட்டியது தான்தான் என்றாள்.

தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று அவளிடம் மெல்லக் கேட்டேன்.

"அவ தன்ர பிழையெண்டு சொல்லிக்கொண்டு நிண்டா. எனக்குப் பொறுக்கேல்லையப்பா."

அந்தப் பெண்மணி வசந்தியிடம் வந்தார். தானும் மூன்று வாரமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அங்கே வேறு யார் துப்புரவு செய்கிறார்கள் என்று கேட்டார். இன்னும் இரண்டு பேர், அவர்களும் எங்கள் தமிழ் ஆட்கள்தான் என்றாள் வசந்தி. உடனே ஒரு தடித்த பேனையை அவள் கையில் கொடுத்து, அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதைத் திரும்பும்போது ரயிலில் அவளிடம் சொல்லியும் விட்டேன்.

நீங்களும் போவதானால் காலையிலேயே போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு சனம் கூடிவிடும். மரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசையென்றால் கேளுங்கள், விடுவார்கள். தொட்டி மூடிகளில் தமிழைக் கண்டு திகைக்கவேண்டாம்:

"பிள்ளையள், இந்தத் தண்ணி நாறும்தான். ஊத்திப்போடாதேங்கோ. நான் ஊத்தினனான். - வசந்தி"