எட்டுக்குக் கீழே

வஹிதாவை ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரத்தக்காரம்மா’ என்றால்தான் தெரியும். நல்லம்பள்ளிப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், 1972-ல், லேப் என்பது மருந்து ரூமைத் தடுத்துப் பிரித்த ஓர் அறை. அதில் கிழக்கே ஒரு ஜன்னல். அவளுக்கு அந்த ஜன்னல்தான் முக்கியம். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் அமிலத்தோடு கலந்தால் பழுப்பாகும். பக்கத்தில் பதித்திருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் குழாயின் கோட்டில் ரத்தச் சத்தின் அளவைப் படிக்க வேண்டும். பல்பு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றிவிடும். மேகம் போட்டால் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

“அந்தம்மா சூரியனைக் கேட்டுட்டுத்தான் ரிசல்ட்டு குடுக்கும்” என்பார் கம்பவுண்டர் ராஜாமணி.

கருத்தடை ஆபரேஷனுக்கு வரும் பெண்களுக்கு ரத்தச் சத்து எட்டு கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். இண்டூர் தீர்த்தம்மாளுக்கு ஐந்தரைதான் இருந்தது. நாலு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் உதிரம் நிற்காமல் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இன்னொன்று தங்கினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். சத்து மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் அதே சீட்டு வந்தது. தினம் பார்க்கிற கூட்டத்தில் வஹிதாவுக்கு முகம் எங்கே நினைவிருக்கப் போகிறது? ரத்தம் எடுத்தாள், வெளியே உட்காரச் சொன்னாள், கலந்தாள். தண்ணீர் விட விட நிறம் வெளுப்பேனா என்றது. பன்னிரண்டில்தான் நின்றது.

சீட்டில் போன மாதத்து ஐந்தரை. ஒரு மாத மாத்திரையில் இப்படி ஏறாது. முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். தன் விரலையே குத்திப் பார்த்தாள். அவளுக்கு எப்போதும் பதினொன்று, இப்போதும் பதினொன்று. குழாயில் கோளாறில்லை.

வராந்தாவுக்கு வந்து, “தீர்த்தம்மா!” என்று கூப்பிட்டாள்.

ரத்தம் கொடுத்தவள் வெற்றிலை மென்றபடி அசையாமல் இருந்தாள். சுவரோரம் சாய்ந்திருந்த வெளிறிய ஒருத்தி, “வந்தேனுங்க” என்று எழுந்தாள். எழுந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“கெடுத்தியே பாவி!” என்றாள் வெற்றிலைக்காரி. அவள் குள்ளம்மாள், தீர்த்தம்மாளின் ஓரகத்தி.

“யாரை ஏமாத்தறீங்க? அஞ்சரை ஒரே மாசத்துல பன்னெண்டாகுமா?” என்றாள் வஹிதா.

“ஒரே வூட்டு ரத்தந்தானுங்களே. ஒரே சட்டியில களி திங்கறோம். யாருகிட்ட எடுத்தா என்னாங்க?” என்றாள் குள்ளம்மாள்.

“அப்ப ஆபரேஷனும் நீயே பண்ணிக்கறியா?”

“எனக்கு எதுக்குங்க? அதெல்லாம் நின்னு வருசமாச்சு.”

வஹிதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “அஞ்சரையோட வயித்தைக் கிழிச்சா மிச்சம் இருக்கறதும் போயிரும், தெரியுமா?”

“கிழிக்காட்டியும் போயிருவேனுங்க” என்றாள் தீர்த்தம்மாள். “இன்னொண்ணு தங்கிச்சுன்னா நாலும் தெருவுல நிக்கும்.”

“மாத்திரை தின்னியா?”

“ரெண்டு நாள் தின்னேனுங்க. வெளிய கரியாட்டம் போச்சு. கொடலு வெந்துபோச்சுன்னு அக்காதான் எருக்குழியில போட்டாங்க.”

“கறுப்பாத்தான் போகும். இரும்புன்னா அப்படித்தான். அதுக்காகக் கொட்டுவாங்களா?” வஹிதா ஒரு டப்பாவை நீட்டினாள். “நாளைக்கு வெளிய போறதைக் கொஞ்சம் இதுல எடுத்துட்டு வா.”

மறுநாள் கொண்டுவந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது கொக்கிப்புழு முட்டைகள் கிடந்தன. மாத்திரை கொடுத்தாலும் பாதியைப் புழுவே குடித்திருக்கும். டாக்டரிடம் சொன்னாள். அவர் புழுவுக்கு மருந்தும் புதிதாகச் சத்து மாத்திரையும் எழுதினார்.

“ரத்தம் ஏறற வரைக்கும் இவ புருசன்?” என்று வஹிதா இழுத்தாள்.

“எங்கொழுந்தன் மாதுவைக் களத்துல படுக்க வெக்கறது என் பொறுப்புங்க” என்றாள் குள்ளம்மாள்.

ராகி அறுப்பு முடிந்து ஓரகத்திகள் இரண்டு பேரும் வந்தார்கள். அன்றைக்கென்று வானம் மூடம் போட்டிருந்தது. குழாயில் நிறம் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கேயோ தடுமாறியது. ஏழு என்று எழுதலாம், எட்டு என்றும் எழுதலாம். வஹிதா எதையும் எழுதவில்லை. ரத்தத்தைக் கீழே ஊற்றிவிட்டு, வெயில் வரட்டும், மறுபடி குத்துகிறேன் என்றாள்.

மதியத்துக்கு மேல் வெளுத்தது. மறுபடி குத்தி, கலந்து, ஜன்னலில் பிடித்தாள். எட்டேகால்.

“உள்ள போம்மா. டாக்டர் கூப்பிடுவாரு.”

தீர்த்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். குள்ளம்மாள் நகரவில்லை.

“அன்னிக்கி எங்கிட்ட எடுத்தீங்களே, அது என்னா ஆச்சுங்க?”

“அன்னைக்கே ஊத்திட்டேன்.”

“பன்னெண்டுன்னீங்க. அதையா ஊத்துனீங்க?” என்று அங்கலாய்த்தாள் குள்ளம்மாள்.