அப்பா படத்து ஆப்பிள்

ஆப்பிளைத் தோலோடு தின்றால்தான் சத்து என்று வீட்டில் எல்லோரையும் நச்சரித்தவன் நான். அப்பாவின் பதினாறாம் நாள் படையலில் அவர் படத்தின் முன் வைத்த ஆப்பிள், ஒரு மாதமாகியும் வாடவே இல்லை. "ஒங்கப்பா இன்னும் போகலடா. அவுக படையலத் தொடாம நான் எப்படித் திங்கிறது?" என்று அம்மா சோற்றை ஒதுக்கி, பாதியாக இளைத்துப்போனார்.

ஒரு மத்தியானம் பழத்தருகே குனிந்தேன். அதன் பளபளப்பில் அப்பாவின் முகம் தெரிந்தது. அது என் முகம்தான் என்று புரிவதற்குள் பழத்தைத் தட்டிவிட்டேன்; நகம் அதைக் கீறிவிட்டது. நகத்தில் வெள்ளை மெழுகு ஒட்டியிருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே கறுத்து அழுகியிருந்தது.

"இதையாடா சத்துன்னு எங்களுக்கு ஊட்டுன?" என்றார் அம்மா. அன்று சாப்பிட்டார்.

இப்போது கடையிலேயே சுரண்டிப் பார்த்துதான் ஆப்பிள் வாங்குகிறேன்; தோல் சீவித்தான் தின்கிறோம். அப்பா படத்துக்கு வாழைப்பழம் வைக்கிறோம். இரண்டே நாளில் அது கறுத்துவிடுகிறது, அம்மாவுக்கு நிம்மதி.