கல்யாணக் காரின் கதவு

மறுநாள் என் தங்கை மணப்பெண்ணாக ஏறவேண்டிய எங்களைப் பெற்ற அத்தாவின் பழைய காருக்கு, கொச்சி மட்டாஞ்சேரி வீட்டு முற்றத்தில் கதவுத் தகட்டை வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். சூடு கூடினால் சீக்கிரம் முடியும் என்று கார்பைடு வாயுவோடு ஆக்ஸிஜனைக் கூட்டினேன். தகடு பொரிந்து ஓட்டையானது. குறைத்தால் காயல் காற்றில் சுடர் நிற்கவில்லை.

மருதாணிக் கையோடு அவள் வெளியே வந்தாள். மணப்பெண் வாசல் தாண்டக்கூடாது.

"உள்ளே போடி."

"ஓட்டைக் கதவோட போனா மாப்பிள்ளையோட அக்காமார் களியாக்கி, கேலி பண்ணிச் சிரிப்பாங்க அண்ணே. நான் காத்துக்கு மறைவா நிக்கறேன், நீ பைய ஒட்டு."

"நேரமாகும்."

"ஆகட்டுமே."

சுடருக்கு முதுகைக் காட்டி நின்று, ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தாள். இரண்டு வாயுவும் சமமாக எரிய, தகடு மெல்ல ஒட்டியது. இவளை அனுப்பிவைக்கவா இத்தனை அவசரப்பட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு இருட்டும்வரை ஆக்ஸிஜனைக் கூட்ட மனம் வரவில்லை.