ஒரு மஞ்சள் காமாலைக் குழந்தையும் நான் மொழிபெயர்த்த வரியும்

1. கெட்டி மஞ்சள்

ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை, அதைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து வெளியே எடுத்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. மேலே தெளிந்து நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இது ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்போலக் கெட்டி மஞ்சளாக இருந்தது. காமாலையை உண்டாக்கும் பிலிருபின் அளவைப் பார்த்தேன், ஆபத்தான எல்லையைத் தாண்டியிருந்தது. வார்டுக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. ரிசல்ட் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிங்கப்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை லேபில் நான் டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் யாராக இருந்தாலும் சனங்களுக்கு 'மிஸ்ஸி'தான், நானும் மிஸ்ஸி. லேபில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், தமிழ்க் குடும்பம் வந்தால் மொழிபெயர்க்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு யாரும் எனக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

குழந்தை பிறந்து ஐந்து நாள். இரண்டாம் நாளே வீட்டுக்குப் போய், இப்போது திரும்பி வந்திருந்தது. அம்மா பெயர் சிவகாமி. கணவர் வேலாயுதம், ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதும் கிராணி. அவருடைய அக்கா ராஜம்மாள்தான் அந்த வீட்டில் எல்லாம். கணவனை இழந்தவர், வயசுக்கு வந்த மகள் கமலாவோடு தம்பி வீட்டிலேயே இருந்தார். சிவகாமிக்கு நாலு வயதில் ஒரு பெண் இருந்தாள், நல்ல ஆரோக்கியம். அதற்கடுத்துப் பிறந்த பையன் ஏழாம் நாள் மஞ்சள் ஏறி வீட்டிலேயே இறந்துபோனான். இது இரண்டாவது பையன்.

டாக்டர் இன்னொரு ரத்தம் கேட்டார். குதிகாலில் குத்தக் குனிந்தபோது சுற்றியிருந்த துணியிலிருந்து அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது.

"என்ன வாடை இது?"

"மூத்தவளோட துணி மிஸ்ஸி" என்றார் ராஜம்மாள். "பூச்சி அரிக்காம இருக்கப் பெட்டியில உருண்டை போட்டு வெச்சிருந்தேன். நல்ல துணி, எதுக்கு வீணாக்கணும்?"

"கழட்டுங்க. எல்லாத்தையும், இப்பவே."

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. ரத்தத்தை மாற்றி ஏற்றினார்கள், ஒரு முறைக்கு இரண்டு முறை. குழந்தை பிழைத்தது. ஆனால் முதுகை வில்லாக வளைத்துக் கீச்சென்று அழுத அந்த அழுகையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மஞ்சள் மூளையைத் தொட்டுவிட்டது.

2. சிவப்பணுவின் கதை

லேப் வேலைக்குப் புதிதாக வரும் சின்னவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

உடம்பில் உள்ள செல்கள் எல்லாம் ஒரே கருமுட்டையிலிருந்து கிளம்பியவை. அதிலிருந்து ஒன்று நரம்பாகிறது, ஒன்று தசையாகிறது, ஒன்று தோலாகிறது. அவரவருக்கு ஒரு வேலை. சிவப்பணு இதில் ஒரு படி அதிகம் போகிறது. ஆக்ஸிஜன் சுமக்க இடம் வேண்டும் என்று, எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும் முன்னே செய்முறை எல்லாம் எழுதியிருக்கும் தன் நியூக்ளியஸையே துப்பிவிடுகிறது. அதற்கப்புறம் புதிதாக ஒரு என்ஸைம் செய்துகொள்ள வழியில்லை. கொண்டுவந்த சரக்கை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்ட வேண்டும்.

அந்தச் சரக்கில் ஜி-சிக்ஸ்-பிடி என்று ஒரு என்ஸைம் உண்டு. சிவப்பணுவைச் சிதையாமல் காப்பது அதுதான். அதற்கான ஜீனில் பிழை இருந்தால் என்ஸைம் குறைந்துபோகும். சும்மா இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அந்துருண்டையோ சில மருந்துகளோ பட்டால் அணுக்கள் பொலபொலவென்று உடையும். பச்சைக் குழந்தையின் ஈரலால் அந்த மஞ்சளைச் சமாளிக்க முடியாது.

இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தால் மற்றொன்று பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றுதான். அது அம்மா கொடுத்தது.

லேபில் அப்போதுதான் ஒரு டெஸ்ட் வந்திருந்தது. ரத்தத்தைப் பழுப்பாக்கும் ஒரு மருந்தைக் கலந்து மூன்று மணி நேரம் இளஞ்சூட்டில் வைப்போம். நல்ல ரத்தம் சிவப்புக்குத் திரும்பும். என்ஸைம் இல்லாத ரத்தம் காப்பிப் பொடி நிறத்தில் அப்படியே நிற்கும். குழந்தையின் குழாய் பழுப்பு. சிவகாமியின் குழாய் இரண்டுக்கும் நடுவில், அதாவது ஒரு எக்ஸில் மட்டும் பிழை. அத்தோடு நிறுத்திக்கொண்டோம். வேறு யாருடைய ரத்தத்தையும் நாங்கள் கேட்கவில்லை.

3. ஒரு வரி

டாக்டர் அவசரத்தில் இருந்தார். "பரம்பரையாக வருவது, அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். அந்துருண்டை வேண்டாம் என்றும் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் சொன்னேன்: "இது அம்மாகிட்டேருந்து வந்திருக்கு."

அடுத்ததைச் சொல்ல வாயைத் திறக்கும் முன் வேலாயுதம் எழுந்துவிட்டார்.

"அப்ப இவ ரத்தம்தான் கெட்ட ரத்தம்?"

"அப்படிச் சொல்லல. அந்துருண்டை இல்லாம இருந்தா…"

"டாக்டரே சொல்லிட்டாரு லா. இன்னும் என்ன?"

ராஜம்மாள் தம்பியின் தோளைத் தொட்டு, "அவளும் என்னடா பண்ணுவா, தலையெழுத்து" என்றார். இரக்கப்படுவதுபோல்தான் இருந்தது. சிவகாமி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்து யாரும் எதையும் சொல்லவில்லை. அவளுக்கும் தமிழ் புரியும், எல்லாம் காதில் விழுகிறது என்பதையே நான் மறந்துபோனேன்.

இரண்டே மாதத்தில் சிவகாமியைச் செம்பவாங்கில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இரண்டு பிள்ளைகளோடு. பையனுக்குக் காது கேட்கவில்லை, கழுத்து நிற்கவில்லை. உறவுக்காரர்கள் கூடிப் பேசியபோது வேலாயுதம் எங்கள் லேப் சீட்டை எடுத்து நீட்டினாராம். கீழே இருந்தது என் கையெழுத்து.

பிறகு வேலாயுதம் அக்கா மகள் கமலாவைக் கட்டிக்கொண்டார். ஒரு கோயிலில் சத்தமில்லாமல் தாலி கட்டினார்கள். ராஜம்மாள் திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கதவு திறந்திருந்தது, நுழைந்தார்கள். திறந்து கொடுத்தது நான்.

4. கமலாவின் பையன்

சில வருஷத்தில் நிலைமை மாறியது. பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் இதே டெஸ்ட் செய்யும் ஏற்பாடு வந்தது. ஒருநாள் ரேக்கில் ஒரு குழாய் பழுப்பாக நின்றது. லேபிளில் கமலாவின் பெயர்.

குழந்தையை வீட்டுக்கு விடாமல் வார்டிலேயே வைத்துக் கவனித்தார்கள். ஒரு சேதமும் இல்லை. இம்முறை கமலாவோடு ராஜம்மாளின் ரத்தத்தையும் கேட்டு வாங்கினேன். இரண்டு குழாயும் நடு நிறம்.

ராஜம்மாளைத் தனியாக உட்காரவைத்தேன். முதலில் அந்துருண்டையைச் சொன்னேன், கொடுக்கக்கூடாத மருந்துகளைச் சொன்னேன். அவரே கேட்டார்: "இது எங்கேருந்து வந்துச்சு மிஸ்ஸி?"

"உங்ககிட்டேருந்து கமலாவுக்கு. உங்களுக்கு அனேகமா உங்க அம்மாகிட்டேருந்து. சிவகாமியோட அப்பா உங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க தாய்மாமா. அம்மாவோட கூடப் பொறந்தவரு."

"அவர் வழியா அவளுக்கும் வந்திருக்கணும். ரெண்டும் உங்க அம்மா பொறந்த வீட்டுலேருந்து கிளம்பினதாத்தான் இருக்கும்."

ராஜம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி. எம் பொண்ணு வாழணும்" என்றார்.

கமலாவை யாரும் வீட்டைவிட்டு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் அன்று வேலாயுதம் வார்டுக்கு வந்து பையனைத் தூக்கிக் கொஞ்சியதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை. கெட்ட ரத்தம் என்ற பேச்சே எழவில்லை.

5. செம்பவாங்

நோயாளியின் ரிசல்ட்டை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதியை என் வேலைக்காலத்தில் ஒரே ஒரு முறை மீறினேன். லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துச் செம்பவாங் போனேன்.

சிவகாமி பையனை மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை தலையைத் தாங்க வேண்டும், ஒரு கை கரண்டியைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் அவன் விழுங்குகிறானா என்று தொண்டையைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நிறுத்தாமல் ஊட்டினாள்.

"அப்ப அன்னைக்கே ஏன் மிஸ்ஸி இதச் சொல்லல?"

"அன்னைக்கு எங்களுக்குத் தெரியாதும்மா. உன் ரத்தத்த மட்டும்தான் பார்த்தோம்."

அவள் பையனின் வாயைத் துடைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

காப்பி குடிக்கிறீர்களா என்று மரியாதைக்குக்கூட அவள் கேட்கவில்லை. கேட்காததே சரி என்று பட்டது.

லேப் வேலைக்கு வரும் சின்னவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ரிசல்ட்டைச் சொல்லும்போது இனி என்ன செய்யலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். யாருக்கு வந்திருக்கிறதோ அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். எத்தனை குழாய் பார்த்தீர்களோ அத்தனையைப் பற்றி மட்டும் பேசுங்கள். பார்க்காத குழாய்களைப் பற்றித் 'தெரியாது' என்று சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.