கையெழுத்தை நம்பிய ஊர்

1993 மார்ச், ஒரு சனிக்கிழமை காலை. நோர்பரி ஸ்டேஷனுக்கு ரயில் வருவதற்கு வெகு நேரம் முன்பே வந்து நின்றேன். ஒன்றரை வயது மகன் தள்ளுவண்டியில் இருந்தான். பையில் அவனுக்குப் பால், மாற்றுடுப்பு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி எல்லாம் இருந்தன. அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தரம் யோசித்தேன். அணைத்திருந்தேன்.

கிங்ஸ்டன் எங்கள் வீட்டிலிருந்து ஏழெட்டு மைல்தான். ஆனால் நேர் ரயில் இல்லை, கிளாப்பம் ஜங்ஷனில் மாற வேண்டும். நாள் முழுவதும் செல்லும் டிக்கெட் இரண்டு பவுண் எழுபது பென்ஸ்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் மூத்தவள் மதுரா கொழும்பில், வெள்ளவத்தையில், என் தங்கச்சியோடு இருக்கிறாள். ஆட்களை அனுப்பும் முகவர் காட்டிய பாதைக்கு இரண்டு வயதுப் பிள்ளை தாங்காது என்று, முந்தி வந்த கணவரிடம் வயிற்றில் மகனோடு நான் மட்டும் வந்தேன். இப்போது அவளுக்கு விசா கிடைத்துவிட்டது. ஆனால் ஐந்து வயது ஆகாத பிள்ளையை விமானத்தில் தனியே ஏற்றமாட்டார்கள். அகதிகளாக வந்த எங்களால் திரும்பிப் போய்க் கூட்டிவர ஏலாது. தங்கச்சிக்கு விசா இல்லை. நோர்பரியில் நாங்கள் அரிசி வாங்கும் கடைக்கார அண்ணைதான் கிங்ஸ்டனில் வேலை செய்யும் றோஸ் என்ற ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவருடைய தங்கை ஸ்டெல்லா கல்யாணம் முடித்து, கணவரிடம் வர விசா எடுத்து, இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து புறப்படுகிறாராம். மதுராவைக் கூட்டிவரக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

முன்பின் தெரியாதவரின் கையில் பிள்ளையைக் கொடுப்பதா? அதைத் தீர்மானிக்கத்தான் போனேன். பெற்றோல் நிலையத்தில் ஷிப்டுக்குப் புறப்படும்போது கணவர் சொன்னார்:

"அந்த மனிசியை விசாரணை செய்யாதையும். உதவி செய்ய வாறவையைக் குறுக்குக் கேள்வி கேட்டே விரட்டிப்போடுவீர்."

கிளாப்பம் ஜங்ஷன், போகாதவர்களுக்குச் சொல்கிறேன், தள்ளுவண்டிக்காரருக்கு ஒரு சோதனை. ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படிகளில் இறங்கிச் சுரங்கவழியால் நடந்து மறுபடி ஏற வேண்டும். நான் படியின் தலைப்பில் தயங்கி நிற்க, ரக்பி சட்டை போட்ட ஓர் ஆள் ஒன்றும் கேட்காமல் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். கீழே வைத்துவிட்டு, நான் நன்றி சொல்ல முன்னமே போய்விட்டார். பிள்ளை இருந்த வண்டியை அவரிடம் கொடுக்கும்போது நான் அவரிடம் ஊர் பேர் கேட்கவில்லை என்பது அடுத்த ரயிலில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

விம்பிள்டன், ரெயின்ஸ் பார்க், நியூ மோல்டன். நடுப்பகலுக்கு முன் கிங்ஸ்டன். தேம்ஸ் ஓரத்துப் பழைய சந்தை ஊர் அது. லண்டன் வளர்ந்து வந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சந்தையில் ஒரு பவுணுக்கு ஐந்து ஆப்பிள் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். பழைய அரசர்களுக்கு முடிசூட்டிய கல் என்று கம்பி வேலிக்குள் ஒரு கல் இருக்கிறது. மகன் அதைப் பார்க்கவில்லை, அதன்மேல் இருந்த புறாவைப் பார்த்தான்.

றோஸ் வேலை செய்யும் கண்காட்சி மண்டபம் சந்தையிலிருந்து நடக்கும் தூரம். வாசலில் நீலக் கார்டிகனோடு கதிரையில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"நீங்கள்தானே நோர்பரி? இப்ப எழும்ப ஏலாது, பிறேக் வரட்டும். உள்ளுக்கை போய்ச் சுத்திப் பாருங்கோ. சும்மாதான், காசு இல்லை. உள்ளுக்கை இருக்கிறது முழுக்கக் காசு."

அவர் சொன்னது சரி. சரே என்ற மாவட்டத்தின் நாட்டுப்புறத்துச் சந்தை ஊர் ஒன்றில் இருந்த வங்கியின் கதைதான் அந்தக் கண்காட்சி. ஊரின் பெயரை எழுதி வைக்காமல் வந்துவிட்டேன். மகன் அழத் தொடங்கியதில் மறந்துபோனது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கங்களில் நாணயத்துக்குத் தட்டுப்பாடு. அறுவடைக்குக் கூலி கொடுக்கக்கூடச் சில்லறை கிடையாது. தானிய வியாபாரி ஒருவர் தன் கடையின் முன்னறையில் வங்கி தொடங்கி, தானே நோட்டு அச்சடித்தார். அக்காலத்தில் அது சட்டவிரோதமல்ல, சின்ன ஊர்கள் பலவற்றில் அப்படி நடந்தது. மெல்லிய வெள்ளைத் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, மூலையில் ஊர்ப் பாலத்தின் படம். இதைக் கொண்டுவருபவர் கேட்டவுடன் ஒரு பவுண் தருவேன் என்ற வாக்கு. இலக்கமும் திகதியும் கையெழுத்தும் மட்டும் பேனையால். ஒவ்வொரு தாளிலும் அவரே குந்தியிருந்து கையெழுத்து வைத்திருக்கிறார். சிலவற்றில் மை இழுபட்டிருந்தது.

அந்தத் தாள் அவரைத் தெரிந்த தூரம் வரைக்கும்தான் செல்லும். இரண்டு ஊர் தள்ளிப் போனால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். தபாலில் அனுப்புவதென்றால், வழியில் கொள்ளை போகும் என்று நோட்டை நடுவால் வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே மறுபாதி புறப்படும். பின்னால் தாள் ஒட்டிச் சேர்த்த ஒரு நோட்டு கண்ணாடிக்குள் இருந்தது. அதன்முன் நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒரு வருடம் லண்டனில் பெரிய வங்கிகள் விழுந்தபோது, இந்த வங்கியும் முறியப்போகிறது என்று வதந்தி வந்தது. சனம் நோட்டுகளோடு கடைவாசலை நெருக்கியது. அப்போது ஊரின் இறைச்சிக் கடைக்காரர், சப்பாத்துத் தைப்பவர், பண்ணைக்காரர் என்று பலர் கூடி, இந்த மனிதரின் நோட்டை நாங்கள் முழுப் பெறுமதிக்கு ஏற்போம் என்று கையெழுத்திட்டுச் சந்தையில் ஒட்டினார்கள். அவருடைய கணக்கு யாருக்கும் தெரியாது. அவரைத் தெரியும், அவ்வளவுதான். வங்கி அன்று பிழைத்தது.

றோஸ் அக்காவுக்குத் தேநீர் இடைவேளை வந்தது. பின்பக்க மர வாங்கில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். நான் வழக்கம்போலத் தொடங்கினேன்.

"அக்கா, நீங்கள் எவடம்?"

"மன்னார். பேசாலைப் பக்கம்."

எனக்கு மன்னாரில் ஒருவரையும் தெரியாது. தங்கைக்கு என்ன வயது, படிப்பு என்ன, இரவில் நன்றாக நித்திரை கொள்வாரா என்று கேட்டேன். கணவர் சொன்னது ஞாபகத்தில் இருந்தும் நிறுத்த முடியவில்லை.

"கோவிக்காதையுங்கோ. உங்கட தங்கச்சி முந்திப் பிளேனிலை போயிருக்கிறாவோ?"

"இல்லை. சைக்கிளிலை போவா. விழாமல் ஓடுவா."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சுதோ? இப்ப நான் கேக்கிறன். அது உங்கட பிள்ளைதானோ?"

கைப்பையிலிருந்து மதுராவின் படத்தை எடுத்தேன், பாஸ்போர்ட் பிரதியையும் எடுத்தேன்.

"படம் ஆரும் எடுக்கலாம் பிள்ளை. முகவர்மார் ஆற்றையோ பிள்ளையளை ஆரோடையோ ஏத்தி விடுறாங்கள். எயார்போர்ட்டிலை பிடிச்சால் என்ர தங்கச்சியையும் சேர்த்துத் திருப்பிப் போடுவாங்கள். அவள் மாப்பிள்ளையைக் கண்டு ரெண்டு வருஷம். உங்களைப் பற்றி எனக்கு ஆர் சொல்லுறது?"

நோர்பரியிலிருந்து கிங்ஸ்டன் வரைக்கும் அவரை எடை போட வந்த எனக்கு, அவரும் என்னை எடை போட வேண்டும் என்பது ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

"கடை அண்ணை சொல்லுவார்தானே?"

"அந்தாளுக்கு உங்கட அரிசிக் கணக்குத் தெரியும். வேறை? ஊர் எது?"

"அளவெட்டி. அங்கை ஆரையும் தெரியுமோ?"

"ஒரு நாதஸ்வரக்காரரை. ரேடியோவிலை."

பள்ளிக்கூடம், விடுதி, ஆசிரியர், அகதி முகாம் என்று எல்லாப் பக்கமும் தேடினோம். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒருவரும் அகப்படவில்லை. எனக்காகக் கையெழுத்து வைக்க ஓர் இறைச்சிக் கடைக்காரர்கூட இல்லை. தள்ளுவண்டியில் தூங்கியிருந்த மகன் எழும்பிச் சிணுங்கினான். றோஸ் அக்கா கேளாமலே அவனைத் தூக்கி மடியில் வைத்து, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் சொன்னேன்: "இஞ்சை இருந்து எங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஸ்டெல்லாவை வெள்ளவத்தைக்கு அனுப்புங்கோ. என்ர தங்கச்சி வீட்டிலை ரெண்டு நாள் நிக்கட்டும். பிள்ளை ஆற்றை எண்டு அயலிலை கேக்கட்டும். மனம் ஒப்பாட்டி விடட்டும்."

"பிள்ளைக்கு அவளைப் பிடிக்காட்டி?"

"அப்பவும் விடுவம்."

சொன்ன பிறகுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. விட்டால் வேறு ஆள் எப்போது கிடைக்கும்? விசாவுக்கும் தவணை உண்டு. றோஸ் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனுடைய வாயைத் தன் லேஞ்சியால் துடைத்தார்.

"அவளும் கொழும்பிலை, கொட்டாஞ்சேனையிலைதான் நிக்கிறாள். பின்னேரம் போன் எடுத்துச் சொல்லுறன். நாளைக்கு வருவாள். உங்கட தங்கச்சியைச் சோறு சமைச்சு வைக்கச் சொல்லுங்கோ, அவள் நல்லாச் சாப்பிடுவாள்."

எங்கள் ஊர்களில் ஒரு சம்பந்தம் பேசுவதற்கே இரண்டு தலைமுறையை விசாரிப்போம். இங்கே ஒரு பிளாஸ்க் தேநீரில் முடித்துவிட்டோம். ஊருக்கு ஊர் முன்னறையில் வங்கி வைத்திருந்த இந்த நாட்டவர், இன்று தெருவுக்குத் தெரு இயந்திரத்தில் பணம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு யாரையும் தெரியத் தேவையில்லை. எங்களுக்கு இன்னும் தேவை. அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை.

கிங்ஸ்டன் ஸ்டேஷன் வாசலில் இருந்த போன் பெட்டிக்குள் தள்ளுவண்டி நுழையவில்லை. கதவை முதுகால் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் வண்டியைப் பிடித்தபடி கொழும்புக்கு எடுத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தங்கச்சிக்கு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மதுரா எதையோ தட்டிக்கொண்டு பாடும் சத்தம் கேட்டது. தங்கச்சி கேட்டாள்:

"ஆரக்கா அவை? எவடத்து ஆக்கள்?"

மன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கட ஆக்கள்தான்," என்றேன்.

சொன்னதை நான் மாற்றவில்லை.